ஆயில் லைட்டை "சரி" செய்து கொடுத்த ஒர்க்‌ஷாப்: விடெக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

சென்னை மூலக்கடை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் ஹோண்டா சிட்டி விடெக்குக்குச் செய்த வேலையைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இன்னொருவர் இன்ஜின் போகக்கூடாது.

செங்குன்றம் வரை வேகமாகப் போய்த் திரும்பி, மாதவரம் சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணையும். காலையில் வராது. டிப்ஸ்டிக்கில் அளவு சரி. ஆயில் சூடாகி இளகியதும் ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) பிரஷர் விழுகிறது என்று அர்த்தம். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நின்றது. ஆனால் அது கூலன்ட் சூடு, ஆயில் சூடு அல்ல. விரட்டி ஓட்டும்போது இரண்டும் வேறு வேறு.

"பம்ப் போச்சு சார், மாத்திட்டு ரேசிங் ஆயில் ஊத்திடலாம்" என்றார்கள். பம்ப், ஃபுல்லி சிந்தெடிக் ஆயில், லேபர் என்று பில் வந்தது. மினுக்கல் நின்றது. ஆனால் வண்டி மந்தமாகிவிட்டது, அதிக ஆர்.பி.எம்.மில் விடெக் பிடிக்கும் இடத்தில் அந்தத் துள்ளல் இல்லை. அங்கே வால்வை அதிகம் திறக்கும் ஹை கேமுக்கு மாற்றிப் பூட்டுவதே ஆயில் பிரஷர்தான், அது குறைந்தால் துள்ளல் எங்கிருந்து வரும்? அப்புறம் சூட்டில் அடியிலிருந்து டக் டக் சத்தம். அப்போதும் லைட் வரவில்லை.

வியாசர்பாடியில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் பிரஷர் குறைந்தால் லைட்டை எரியவைக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷரை நேரடியாகக் காட்டும் மெக்கானிக்கல் கேஜ் மாட்டினார். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 10 பி.எஸ்.ஐ.யாவது வேண்டும், 3,000 ஆர்.பி.எம்.மில் 50. ஐடிலில் அதில் பாதிகூட இல்லை.

ஒயரிங்கில் புதுசாகச் சுற்றிய கருப்பு டேப்பைப் பிரித்தார். ஆயில் லைட் ஒயரை சுவிட்சிலிருந்து வெட்டி, பேட்டரி சார்ஜ் லைட் ஒயரோடு முறுக்கியிருந்தார்கள். சாவி போட்டால் எரியும், ஸ்டார்ட் ஆகி ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ண ஆரம்பித்ததும் அணையும். சொட்டு ஆயில் இல்லாமல் ஓடினாலும் எரியாது! தெரியாமல் நடந்த தப்பு இல்லை இது, யோசித்துச் செய்த துரோகம்.

பம்ப்பும் பழசேதான். போல்ட்டில் அழுக்கு அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பை இறக்கியதும் உண்மைக் காரணம் தெரிந்தது. எப்போதோ சம்ப் ஒட்டியவர் அள்ளிப் பூசிய சிலிக்கான் பேஸ்ட், துணுக்குத் துணுக்காக உதிர்ந்து பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்திருந்தது. இவர்கள் ஊற்றியதோ 20டபிள்யூ-50. அடைத்த வலை வழியாக அந்தக் கெட்டி ஆயிலைப் பம்ப் எப்படி உறிஞ்சும்? பேரிங் தேய்ந்துவிட்டது, இப்போது மாற்றியாகிறது.

சுவிட்சுக்கு ஒற்றை ஒயர் வரும் பழைய வண்டி என்றால் இன்றே பாருங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஆயில் சுவிட்ச் ஒயரை உருவுங்கள். லைட் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் ஒயர் வேறெங்கோ போகிறது. பம்ப் மாற்றினோம் என்றால் கழற்றிய பழைய பம்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள். பில், ஒயர் போட்டோ, கேஜ் வீடியோ எல்லாம் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். உதவி எண் 1915. அதே இடத்தில் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லோடு எனக்குச் சொல்லுங்கள்.