நெல்லைக் கடைக்கு எந்த ஆப் ஒத்துவரும்? கூகுள் மேப் முதல் இன்ஸ்டா வரை ஒரு விமர்சனம்

டவுனில் ஒரு கடைக்குப் பால் காய்ச்சினால், மறுநாளே "பேஜ் ஓபன் பண்ணியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்கிறார்கள். உடனே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் என்று ஐந்து கணக்கு திறந்துவிடுகிறார்கள். கடையில் இருப்பது இரண்டு பேர். மூன்றாம் மாதம் ஐந்தும் ஏதோ ஒரு பண்டிகை வாழ்த்தோடு நின்றுபோகின்றன. வாங்குகிறவர் எங்கே நின்றுகொண்டு முடிவெடுக்கிறார் என்று பார்த்து இரண்டை மட்டும் ஒழுங்காக நடத்துவதுதான் சரி. அந்த இரண்டு எவை என்பது நீங்கள் விற்கும் சரக்கைப் பொறுத்தது.

வழிப்போக்கரை நம்பும் கடை என்றால் முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் கடையைக் காட்டும் பக்கம். கண்டிப்பாகப் பார்த்தால் இது சமூக ஊடகம் இல்லை. ஆனால் ஜங்ஷனில் ரயில் இறங்கி, நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு அல்வா வாங்க நினைப்பவர் உங்கள் இன்ஸ்டா பக்கத்தைத் தேடப்போவதில்லை. மேப்பைத் திறந்து 'அல்வா' என்றுதான் அடிப்பார். பதிவு செய்யக் காசு கிடையாது.

இதில் கடைக்காரர்கள் அதிகம் தவறுவது பெயரில். போர்டில் இருக்கும் பெயரை மட்டும்தான் கொடுக்க வேண்டும். 'திருநெல்வேலியின் நம்பர் ஒன் நெய் அல்வா' என்று வால் சேர்த்தால் கூகுள் பக்கத்தையே முடக்கலாம், மீட்பதற்குள் சீசன் போய்விடும். அல்வா என்பதைச் சொல்ல வேண்டிய இடம் வகை என்ற கட்டம். ஒரு முதன்மை வகை, கூடவே ஒன்பது துணை வகைகள் வரை வைக்கலாம். விவரிப்புக்கு 750 எழுத்துகள் இடம் உண்டு.

அடுத்தது மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறி, அதாவது பின் (pin). ரத வீதிகளில் கடைகள் நெருக்கமாக இருப்பதால் பின் பின்பக்கத் தெருவில் விழுந்துவிடும். ஆட்டோக்காரர் அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுவார். செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கி, பின்னைக் கடை வாசல் மேலேயே நகர்த்தி வையுங்கள். நேரமும் அப்படித்தான். சாயங்காலம் மட்டும் விற்கும் கடை காலை ஒன்பது என்று போட்டிருந்தால், மத்தியானம் வந்து பூட்டைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஆனித் தேரோட்டத்தன்று நேரம் மாறினால் 'சிறப்பு நேரம்' பகுதியில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள்.

சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். வெட்டாமல் ஒரே ஓட்டமாக, குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். தெருப்பெயர்ப் பலகை, கடை போர்டு, நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்று காட்ட ஷட்டரைத் திறப்பது அல்லது பில் மெஷினை இயக்குவது, இந்த மூன்றும் அதில் வர வேண்டும். போர்டு இல்லாமல் எடுத்து அனுப்பி நிராகரிக்கப்படுவதுதான் அதிகம். கூகுள் பக்கத்திலேயே சாட் செய்யும் வசதி 2024 ஜூலையோடு நின்றுவிட்டது. அதனால் கொடுக்கும் போன் எண் கல்லாப் பக்கத்தில் எடுக்கப்படும் எண்ணாக இருக்கட்டும். ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று எழுதி ஒட்டாதீர்கள், அது விதிமீறல். க்யூஆர் அட்டையைக் கல்லாவில் வைத்து வாயால் கேட்டாலே எழுதுகிறார்கள்.

தெரிந்த வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வாங்கும் சரக்குக்கு வாட்ஸ்அப் பிசினஸை மிஞ்ச ஒன்றுமில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களில் பலர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். ருசி தெரிந்தவர்களுக்கு விளம்பரம் எதற்கு? ஆர்டர் போட எளிதான வழி இருந்தால் போதும்.

2018இல் வந்த இந்த ஆப்பும் இலவசம்தான். கேட்டலாக் என்ற பொருள் பட்டியலில் 500 பொருள்கள் வரை ஏற்றலாம். 'அப்பளம், சூப்பர் குவாலிட்டி' என்று எழுதினால் ஒவ்வொருவரும் போன் போட்டு அளவு கேட்பார்கள். 'உளுந்து அப்பளம், 4 அங்குலம், 50 எண்ணம், எடை இவ்வளவு, விலை இவ்வளவு, கொரியர் தனி' என்று எழுதுங்கள். படத்தில் பொரிக்காத அப்பளம் ஒன்று, பொரித்தது ஒன்று, பக்கத்தில் ஒரு உள்ளங்கை. அளவு கண்ணாலேயே தெரிந்துவிடும். ட்யூப்லைட்டில் எடுத்தால் உளுந்து நிறம் பச்சையடிக்கும், வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். உளுந்து விலை ஏறும்போது கேட்டலாக் விலையையும் அன்றே மாற்றுங்கள். பழைய விலையைக் காட்டிச் சண்டைக்கு வருகிறவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

வரவேற்புச் செய்தி முதல்முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப வருகிறவருக்கும் தானாகப் போகும். அதை வெறும் வணக்கத்துக்கு வீணாக்க வேண்டாம். "வணக்கம். அப்பளம் அளவு, எத்தனை கட்டு, பின்கோடு மூணையும் அனுப்புங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள பணம் வந்தா இன்னைக்கே கொரியர் போட்டிருவோம்" என்று வைத்தால் நாலு முறை கேட்டு வாங்கும் வேலை மிச்சம்.

பலர் நொந்துகொள்வது பிராட்காஸ்ட்டில், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதியில். ஒரு பட்டியலில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேவ் செய்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். 'அனுப்பினோம், ஒருத்தரும் பார்க்கலை' என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு பார்சலிலும் 'இந்த எண்ணை சேவ் செய்யுங்கள்' என்று ஒரு சீட்டு வையுங்கள். எங்கிருந்தோ வாங்கிய எண் பட்டியலுக்கு அனுப்பாதீர்கள். நாலு பேர் பிளாக் செய்து ரிப்போர்ட்டும் அடித்தால் கணக்கே முடங்கலாம்.

கடைக்கென்று தனி சிம் வாங்குங்கள். மகன் எண்ணில் ஆரம்பித்து, அவன் வேலைக்கு வெளியூர் போனதும் ஆர்டரெல்லாம் அவனோடு போய்விட்ட கடைகள் உண்டு. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணைப் போட்டுவையுங்கள், சிம்மை ரீசார்ஜ் இல்லாமல் விடாதீர்கள். பீடி, புகையிலை, உயிருள்ள ஆடு மாடு இவற்றையெல்லாம் கேட்டலாக்கில் ஏற்ற அனுமதியில்லை. மேலப்பாளையம் சந்தை வியாபாரத்துக்கு இந்த வழி உதவாது.

இன்ஸ்டாகிராம் எல்லாருக்குமானது இல்லை. செய்வதைப் பார்த்தால் விலை நியாயம் என்று தோன்றும் சரக்குக்குத்தான் அது. பத்தமடைப் பாய் அதற்குச் சரியான உதாரணம். கடையில் சுருட்டி வைத்திருக்கும் பட்டுப்பாயைப் பார்த்தால் 'பாய்க்கா இந்த விலை?' என்பார்கள். கோரையை நூல் போலக் கிழிப்பதைக் காட்டினால் அந்தக் கேள்வி வராது. கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் நெய்கிறார்களே, ஒவ்வொரு எழுத்தாக அது பாயில் ஏறுவதை மேலிருந்து எடுங்கள். முதல் மூன்று விநாடியில் விரலும் கோரையும் தெரிய வேண்டும், கடை லோகோ கடைசியில் வந்தால் போதும். சினிமாப் பாட்டு சேர்க்காதீர்கள். பிசினஸ் கணக்கில் பெரும்பாலான பாட்டுகள் கிடைக்காது, வெளியே சேர்த்து ஏற்றினால் ஒலியை முடக்கிவிடலாம். தறியின் சத்தமே போதும், அதுதான் அழகு.

கேப்ஷனில் போடும் லிங்க் திறக்காது. ப்ரொஃபைலில் வாட்ஸ்அப் லிங்கை வைத்து, 'ஆர்டருக்கு ப்ரொஃபைலைப் பாருங்கள்' என்று சொல்லுங்கள். பெயர் நெய்ய எத்தனை வாரம் ஆகும் என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். ரீல் லட்சம் பேரைக்கூடத் தொடலாம், முகூர்த்தத்துக்கு நாலு நாள் முன்னால் பாய் கேட்டு வருகிறவரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

ஃபேஸ்புக் பழசாகிவிட்டது என்பதை ஏற்க முடியாது. மனை, கல்யாண மண்டபம், கேட்டரிங் இவற்றுக்குப் பணம் கொடுத்து முடிவெடுக்கும் வயதினர் அங்கேதான் இருக்கிறார்கள். பதிவைப் பணம் கட்டிப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பொத்தானை அவசரமாக அழுத்தினால் தமிழ்நாடு முழுக்கக் காட்டிப் பணம் கரையும். விளம்பர வரைபடத்தில் பாளையங்கோட்டையில் பின் வைத்து, காட்டும் சுற்றளவைச் சுருக்குங்கள். விளம்பரத் தொகைமேல் 18% ஜிஎஸ்டி தனி என்பதைக் கணக்கில் வையுங்கள்.

யூடியூப் பம்ப்செட் பழுது, தையல், விவசாயக் கருவி போல ஜனங்கள் தேடிப் பார்க்கும் தொழில்களுக்கு நல்லது, மெதுவாகத்தான் பலன் தரும். கங்கைகொண்டான் சிப்காட் கம்பெனிகளுக்குச் சரக்கு கொடுப்பவர்களுக்கு லிங்க்ட்இன் போதும். எக்ஸ் தளம் நம் கடைகளுக்குத் தேவையில்லை.

எதை ஆரம்பித்தாலும் ஆர்டர் வரும்போது "எங்க பாத்தீங்க?" என்று கேட்டு, சாட்டுக்கு அடையாளம் ஒட்டும் வாட்ஸ்அப் லேபிளில் மேப், இன்ஸ்டா, பழைய ஆள் என்று குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து லேபிள்களை எண்ணிப் பாருங்கள். லைக் எத்தனை வந்திருந்தாலும், ஆர்டர் வராத கணக்குக்கு வீடியோ எடுப்பதை அன்றோடு நிறுத்திவிடலாம்.