10 லிட்டர் மருந்து தெளிப்பு ட்ரோன்: தொழிலாக எடுத்துச் செய்ய ஏற்றதா?

கூலிக்கு மருந்தடித்துக் கொடுக்கும் தொழிலில் புதிதாக இறங்குபவருக்கு 10 லிட்டர் ட்ரோன்தான் சரியான அளவு. இருவர் சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். குறுகிய வயலிலும் திருப்பலாம். ஆனால் ட்ரோனை மட்டும் வாங்கினால் பிழைப்பு ஓடாது. வருமானம் பேட்டரியிலும், மருந்தைத் துளியாகப் பீய்ச்சும் நாசிலிலும் இருக்கிறது.

முழு டேங்கோடு பறந்தால் ஒரு செட் பேட்டரி சுமார் 10 நிமிடம் தாங்கும். இறக்கியதும் கொதிக்கும், அந்தச் சூட்டோடு சார்ஜ் போட்டால் செல் உப்பத் தொடங்கும். ஆறவைத்து ஏற்றி முடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும் என்பதால், வேலை நிற்காமல் ஓட ஐந்து செட் வேண்டும். 12 செல், 16,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று ஏறத்தாழ 710 வாட் மணி. அரை மணியில் இரண்டை ஏற்ற 3 கிலோவாட்டுக்கு மேல் தாங்கும் ஜெனரேட்டர் தேவை. இரண்டே செட்டோடு வரும் தொகுப்பை வாங்கினால் பாதி நேரம் வரப்பில் காத்திருக்க வேண்டியதுதான். சீசன் முடிந்ததும் பேட்டரியைச் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள்.

அடுத்து நாசில். ஏக்கருக்கு 10 லிட்டர், வேகம் நொடிக்கு 5 மீட்டர், தெளிப்பு அகலம் 4 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர் போக வேண்டும். நான்கு நாசில் என்றால் ஒன்றுக்கு 750 மில்லி. அளவுக் குவளையை அடியில் பிடித்து ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் நாசில் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். குறைந்தால் பெரும்பாலும் அடைப்பு. காரணம் தண்ணீரில் கலக்கி அடிக்கும் தூள் மருந்துகள். தனி வாளியில் கரைத்து, வலையில் வடிகட்டிய பிறகே டேங்கில் ஊற்ற வேண்டும்.

கைத்தெளிப்பானில் 200 லிட்டரில் கலக்கும் மருந்து இங்கே 10 லிட்டரில் போகிறது, அதாவது 20 மடங்கு அடர்த்தி. இரண்டு மருந்தைச் சேர்ப்பதாக இருந்தால் அதே விகிதத்தில் பாட்டிலில் கலந்து அரை மணி வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ கட்டி தட்டினாலோ டேங்குக்கு அது ஆகாது. களைக்கொல்லி அடித்த டேங்கை மூன்று முறை கழுவாமல் அடுத்த வயலுக்குப் போனால் நஷ்டஈடு கேட்டு ஆள் வருவார்.

பயிருக்கு மேல் 2 முதல் 3 மீட்டர் உயரம் போதும். காற்று நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிடுவது நல்லது. இலைகூட அசையாத விடியற்காலையும் ஏமாற்றும்: நுண்துளிகள் இறங்காமல் மிதந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். மின்கம்பி, மரம் இருக்கும் ஓரங்களைத் தானியங்கி முறையில் விடாதீர்கள்.

பைலட் சான்றிதழ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மருந்து லேபிளில் ட்ரோன் தெளிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். பறக்கவிடுவதில் ஆர்வமில்லாதவர்களுக்குப் பழுதுபார்ப்பில் நிலையான வேலை உண்டு. பம்ப் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு), கருகிய பேட்டரி கனெக்டர், ட்ரோன் கையின் தளர்ந்த மடிப்பு, கீறல் விட்ட புரொப்பல்லர் என்று சீசனில் வேலை குவியும். இந்த நான்குக்கும் உதிரிபாகம் கையிருப்பில் வைத்திருக்கும் விற்பனையாளரிடம் மட்டும் ட்ரோன் வாங்குங்கள்.