குறைவாகப் பறந்த செஸ்னா 172: ஆறு ஆண்டுகளுக்குப் பின் என் மதிப்பீடு

2018 மார்ச் மாதத்தில் நான் வாங்கியது 1974ஆம் ஆண்டு செஸ்னா 172எம். நான்கு இருக்கைகளும், 150 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் ஓ-320-ஈ2டி என்ஜினும் உள்ள, அமெரிக்காவின் எந்தச் சிறு விமான நிலையத்திலும் காணக்கூடிய விமானம் அது. டெக்சஸ் மாநிலத்தின் வளைகுடாக் கரையை ஒட்டிய ஓர் ஊரில், பூட்டிய ஹேங்கருக்குள் (விமானக் கொட்டகை) நின்றிருந்தது. ‘ஓவர்ஹாலுக்குப் பின் 280 மணி நேரம் மட்டுமே ஓடிய என்ஜின்’ (ஓவர்ஹால் என்பது என்ஜினை முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது) என்ற விளம்பர வரியை நம்பி, அதே ஆண்டு மாடலுக்கு மற்றவர்கள் கேட்டதைவிட ஆறாயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தேன். ஆறு ஆண்டுகளும் ஏறத்தாழ 600 மணி நேரப் பறத்தலும் கடந்தபின், அந்த வரியை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகியிருக்கிறது. பழைய சிறு விமானம் வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

லாக் புக்குகள் முழுமையாக இருந்தன. என்ஜின் ஓவர்ஹால் நடந்தது 1999இல். முதல் சில ஆண்டுகள் ஓரளவு பறந்திருக்கிறது. 2012 முதல் 2018 வரையிலான ஆறு ஆண்டுகளில் பறந்தது மொத்தம் 22 மணி நேரம். ஆண்டுப் பரிசோதனைப் பதிவுகள் ஒன்றுவிடாமல் இருந்தன என்றாலும், ஒவ்வொன்றிலும் குறித்திருந்த டேக்கோமீட்டர் (என்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் கருவி) எண் முந்தைய ஆண்டைவிட மூன்று நான்கு மணி நேரமே நகர்ந்திருந்தது. இந்த எண்களை நான் அப்போதே பார்த்தேன். நம் ஊரில் பழைய கார் விற்பவர் ‘டாக்டர் வைத்திருந்த வண்டி’ என்று சொன்னால் வாங்குபவர் மனத்தில் ஒரு நம்பிக்கை பிறக்குமே, அதே நம்பிக்கையோடுதான் பார்த்தேன். அலுங்காமல் வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். லைகமிங் நிறுவனமே இந்த வகை என்ஜினுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அதற்குள் ஓவர்ஹால் செய்யப் பரிந்துரைக்கிறது. மணிக்கணக்கை மட்டும் பார்த்து, ஆண்டுக்கணக்கை விட்டுவிட்டேன்.

நின்றுகொண்டிருக்கும் என்ஜின் ஏன் கெடுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். லைகமிங் என்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. என்ஜினை நிறுத்திய பின் கேம்ஷாஃப்டின் மீதிருக்கும் ஆயில் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடுகிறது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி உள்ளே புகுந்து ஆயிலோடு கலக்கிறது. ஒரு மணி நேரம் பறந்து ஆயில் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். பறக்காமல் தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஈரம் வெளியேறுவதற்குப் பதிலாகக் கூடத்தான் செய்யும். விற்றவர் பெருமையோடு சொன்னதே இதுதான்: ‘பறக்க முடியாவிட்டாலும் மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஓட்டிவிடுவேன்.’ அவர் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில், ஆயில் வடிந்த கேமின் மீதும், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டின் முகத்தின் மீதும் துரு ஏறுவதற்கு அந்தப் பழக்கம் துணை போயிற்று.

வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கை அமர்த்திப் பரிசோதித்தேன். வாங்குமுன் செய்யும் பரிசோதனையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ எந்த வரையறையும் வைத்திருக்கவில்லை. நாம் கேட்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். நான் கேட்டது கம்ப்ரெஷன் சோதனை. உள்ளே செலுத்திய காற்றின் அழுத்தத்தில் நான்கு சிலிண்டர்களும் 80க்கு 74 முதல் 77 வரை பிடித்து வைத்துக் காட்டின. மிக நல்ல எண்கள். ஆனால் அந்தச் சோதனை வால்வும் பிஸ்டன் வளையமும் காற்றைப் பிடித்து வைக்கின்றனவா என்பதை மட்டுமே சொல்லும். கேம்ஷாஃப்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. எண்கள் நன்றாக இருந்ததால் வேறு எதையும் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

முதல் ஆண்டில் சிறு தொல்லைகள் வரிசையாக வந்தன. முன்சக்கர ஸ்டிரட்டின் (அதிர்வு தாங்கும் கால்) சீல் காய்ந்துபோய் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகியது. எரிபொருள் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததால், மழைக்குப் பின் சாம்பிள் எடுத்தால் குப்பியின் அடியில் தண்ணீர் முத்தாகத் திரண்டு நின்றது. ஹேங்கருக்கு வெளியே ஒரு வாரம் நிறுத்தினாலே இதைக் காண முடிந்தது. செயற்கைத் தொடுவானம் காட்டும் கைரோ கருவி, நாற்பது மணி நேரம் பறப்பதற்குள் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. டயர்களின் பக்கவாட்டில் வெடிப்புகள். இவையெல்லாம் எதிர்பார்க்க வேண்டியவைதாம். ரப்பரும் கைரோ பேரிங்கும் ஓடாமலேயே மூப்படையும் பொருள்கள். எல்லாம் சேர்த்து நாலாயிரம் டாலருக்குள் முடிந்தது.

பெரிய செய்தி ஆயில் ஃபில்டரில் இருந்தது. ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் ஃபில்டரின் தகர உறையை வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை அகலமாக விரித்து வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கம். முதல் இரண்டு முறை ஓரிரு மினுக்குகள் தெரிந்தன. அவை கார்பன் துகள்களாக இருக்கும் என்றார்கள். மூன்றாவது முறை, நான் வாங்கி 140 மணி நேரம் பறந்திருந்தபோது, தாளின் மடிப்புகளுக்குள் நகத்துணுக்கைவிடச் சிறிய, தட்டையான செதில்கள் பளபளத்தன. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் அவை எழுந்து நின்று அதில் ஒட்டிக்கொண்டன. அலுமினியமாக இருந்தால் ஒட்டாது. ஒட்டியது எஃகு. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது: முந்தைய கோடையில் விமானம் மேலேறும் வேகம் குறைந்திருந்ததை டெக்சஸ் வெயிலின் மீது பழி போட்டுக் கடந்திருந்தேன்.

ஒரு சிலிண்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே உள்ளே பார்த்தோம். இந்த நான்கு சிலிண்டர் என்ஜினில் எதிரெதிரே உள்ள இரு சிலிண்டர்களின் இன்டேக் வால்வுகளையும் ஒரே கேம் முனைதான் தூக்குகிறது. இரட்டை வேலை செய்யும் அந்த முனை, வால்வுகளை முழுதாகத் தூக்க முடியாதபடி கூர்மை இழந்து மழுங்கிக் கிடந்தது. அதன்மேல் உட்காரும் டேப்பெட்டின் முகம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் குழிகுழியாக இருந்தது. துருக்குழி விழுந்த இடத்தில் கடினமாக்கப்பட்ட மேல்தோல் ஓட்டத்தின் அழுத்தத்தில் செதில் செதிலாக உரிந்து, அந்தத் துகள்கள் ஆயிலோடு என்ஜின் முழுவதும் சுற்றியிருக்கின்றன. என்ஜினை முழுவதும் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஓவர்ஹால் செலவு 24,000 டாலர். விமானம் ஐந்து மாதம் தரையில் நின்றது. ‘280 மணி நேரமே ஓடிய’ என்ஜின் 420 மணி நேரத்தில் முடிந்துபோயிற்று.

அதே விமான நிலையத்துப் பயிற்சிப் பள்ளியில் இதே வகை விமானம் ஒன்றின் என்ஜின் அப்போது ஓவர்ஹாலுக்குப் பின் 1,900 மணி நேரத்தைத் தொட்டிருந்தது. நாள்தோறும் பறக்கும், ஐம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாறும், ஃபில்டர் சுத்தமாக இருக்கும். விற்பனைக்கு வந்திருந்தால் என்ஜின் ‘முடியப்போகிறது’ என்று நானே விலகியிருப்பேன்.

ஆனாலும் விமானம் வாங்கியதற்காக நான் வருந்தவில்லை. ஹேங்கருக்குள்ளேயே நின்றதால் உடல்பகுதி அருமையாக இருந்தது. இறக்கைக் குழிவுகளில் அரிப்பில்லை. எலிக்கூடு இல்லை (எலியின் சிறுநீர் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால் இருக்கைக்கு அடியிலும் வால்பகுதியிலும் அவசியம் பார்க்க வேண்டும்). கதவுகளும் இருக்கைத் தண்டவாளங்களும் தேயவில்லை. என் தவறு விலையில்தான். ஆண்டுக்கு நான்கு மணி நேரம் பறந்த விமானத்தின் என்ஜினுக்கு மதிப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு, ஓவர்ஹால் செலவைக் கழித்து, உடலுக்கும் கருவிகளுக்கும் மட்டும் விலை பேசியிருக்க வேண்டும். என்ஜின் நன்றாக இருந்துவிட்டால் அது வாங்குபவரின் லாபம். இதற்கு ஒப்பாத விற்பனையாளரிடம் ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க என் செலவில் அனுமதி கேட்பேன். துளை வழியே உள்ளே பார்க்க உதவும் போரஸ்கோப் கருவியால் சிலிண்டர் சுவர்களையும் பார்ப்பேன்.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவருக்காக அரிசோனாவில் நின்ற ஒரு விமானத்தைப் பார்க்கப் போனோம். அதுவும் அதிகம் பறக்காததுதான், ஆனால் வறண்ட பாலைநிலக் காற்றில் நின்றது. ஒவ்வோர் ஆண்டுப் பரிசோதனையின் தேதியையும் டேக்கோமீட்டர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, எந்த ஆண்டில் எண் நகராமல் நின்றுவிட்டது என்று முதலில் பார்த்தோம். அந்த ஆண்டுகளில் ஆயில் மாற்றியதற்குப் பதிவு இருக்கிறதா என்று அடுத்துத் தேடினோம். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பதிவும் இல்லை. விற்பவர் சிலிண்டரைக் கழற்ற ஒப்புக்கொண்டார். கேம் முனைகள் சுத்தமாக இருந்தன. டேப்பெட் ஒன்றில் மட்டும் லேசான துருக்கறை. அதைக் காட்டி நண்பர் ஒன்பதாயிரம் டாலர் குறைத்து வாங்கினார். இப்போது நாங்கள் இருவரும் வாரம் ஒருமுறையாவது முழு ஒரு மணி நேரம் பறக்கிறோம். முடியாத வாரங்களில் என்ஜினைத் தொடுவதே இல்லை, ஈரம் உறிஞ்சும் கருவியின் குழாயை மட்டும் மாட்டி வைத்துவிடுகிறோம்.