இரண்டே ஆல்பங்கள் தந்த யாசூ: தொகுப்பைக் கேட்பதா, ஆல்பங்களைக் கேட்பதா?

நீண்ட காலம் இயங்கிய ஓர் இசைக்குழுவுக்குச் சிறந்த பாடல்களின் தொகுப்பு ஒன்று தேவைப்படுவதில் வியப்பில்லை. பதினைந்து ஆல்பங்களின் முன் திகைத்து நிற்கும் புதியவருக்கு அது ஒரு நுழைவாயிலாகிறது. ஆனால் 1982 மார்ச்சில் முதல் சிங்கிளை (பக்கத்துக்கு ஒரு பாடலாக வரும் தனி இசைத்தட்டை) வெளியிட்டு, 1983 ஜூலையில் இரண்டாவது ஆல்பம் கடைகளுக்கு வருவதற்குள் பிரிந்துவிட்ட யாசூ போன்ற, இருவர் மட்டுமே கொண்ட பிரிட்டிஷ் குழுவுக்கும் அப்படியொரு தொகுப்பு தேவையா என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் தொடர்ந்து வருகிறது. பிரிட்டனில் வெளியான வடிவத்தில் இரண்டு ஆல்பங்களிலும் சேர்த்து 22 பாடல்கள்தாம் உள்ளன. யாசூவைப் புதிதாகக் கேட்க விரும்புபவரின் முன் இன்று முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன: 1999இல் வந்த 'ஒன்லி யாசூ' என்ற தொகுப்பு, 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்', 'யூ அண்ட் மீ போத்' என்ற மூல ஆல்பங்கள் இரண்டு, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடக்கி 2008இல் வெளியான 'இன் யுவர் ரூம்'.

மூன்றையும் எடைபோடுவதற்கு முன், இந்தக் குழு எப்படி உருவாயிற்று என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான விடை அந்தக் கதையிலேயே இருக்கிறது. எசெக்ஸ் மாவட்டத்தின் பாசில்டன் நகரத்தைச் சேர்ந்த வின்ஸ் கிளார்க், டெப்பேஷ் மோட் குழுவின் முதல் ஆல்பத்துக்குப் பெரும்பாலான பாடல்களை எழுதிக் கொடுத்துவிட்டு, 1981இன் இறுதியில் அந்தக் குழுவிலிருந்து விலகினார். கையில் 'ஒன்லி யூ' என்ற பாடல் இருந்தது. அதைப் பாட ஒரு குரல் இல்லை. அதே ஊரைச் சேர்ந்த அலிசன் மோயே, புளூஸ் இசைக்குழு ஒன்றில் சேர விரும்புவதாக மெலடி மேக்கர் இதழில் விளம்பரம் கொடுத்திருந்தார். கிளார்க் அவரை அழைத்தார். சின்தசைசர்கள் என்ற மின்னணு இசைக்கருவிகளோடு தனித்திருக்க விரும்பிய ஓர் இளைஞரும், புளூஸ் பாடி வளர்ந்த ஒரு பெண்ணும் நட்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமலேயே ஒரு பாடலுக்காகச் சேர்ந்தார்கள். அந்தப் பாடல் பிரிட்டிஷ் தரவரிசையில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. குழுவுக்கு வைத்த பெயரும் பழைய புளூஸ் இசைத்தட்டுகளை மறுபடி வெளியிட்டுவந்த அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பெயரே. அந்தக் காரணத்தால்தான் அமெரிக்காவில் இவர்கள் 'யாஸ்' என்று பெயரைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது.

முதலில் தொகுப்பைப் பார்ப்போம். 'ஒன்லி யாசூ' பொறுப்பில்லாமல் தொகுக்கப்பட்டதன்று. காலவரிசையைப் பின்பற்றாமல், 'ஒன்லி யூ'வில் தொடங்கி, அடுத்ததாக 'ஓட் டு பாய்' பாடலை வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மோயே எழுதிய இந்தப் பாடல் முதலில் ஒரு சிங்கிளின் மறுபக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது. பின்னர் இரண்டாவது ஆல்பத்தின் நடுவில் இடம்பெற்றது. எல்லோருக்கும் தெரிந்த பாடலுக்கு அடுத்த இருக்கையில் அதை அமர்த்தியிருப்பது, 'இவர் பாடகி மட்டுமல்லர், பாடலாசிரியரும்கூட' என்று கேட்பவருக்குச் சொல்லாமல் சொல்கிறது. 'வின்டர் கில்ஸ்', 'மிஸ்டர் ப்ளூ' போன்ற அமைதியான பாடல்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆல்பங்களின் பிரிட்டிஷ் பதிப்புகளில் இல்லாத 'சிச்சுவேஷன்', 'ஸ்டேட் ஃபார்ம்' ஆகிய இரண்டும் இதில் உண்டு. 'ஒன்லி யூ' சிங்கிளின் மறுபக்கமாக வந்த 'சிச்சுவேஷன்', பிரான்சுவா கெவோர்கியன் நடனத்துக்கென்று மாற்றியமைத்த வடிவத்தின் (ரீமிக்ஸ்) வழியாக அமெரிக்க நடனக் கூடங்களில் பெரும் வெற்றி பெற்றது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் மோயேயின் சிரிப்பைக் கேட்டாலே பலருக்கு அடையாளம் தெரியும், ஏனெனில் பிற்காலத்தில் உலகெங்கும் ஒலித்த 'மகரேனா' ரீமிக்ஸில் கேட்கும் சிரிப்பும் அதுவே.

இவ்வளவும் தொகுப்பின் நிறை. குறைகளும் சிறியவை அல்ல. அவர்களின் நான்கு பிரிட்டிஷ் சிங்கிள்களில் ஒன்றான 'தி அதர் சைட் ஆஃப் லவ்' இதில் இல்லை. தரவரிசையில் 13ஆம் இடத்தோடு நின்ற அந்தப் பாடல் மற்ற மூன்றின் உயரத்தைத் தொடவில்லை என்பது உண்மைதான். என்றாலும் நான்கே சிங்கிள்கள் வெளியிட்ட குழுவின் தொகுப்பில் அவற்றுள் ஒன்று விடுபடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இறுதியில் சேர்க்கப்பட்டுள்ள, 1990களின் நடனக் கூடங்களுக்கென்று பிறர் செய்த ரீமிக்ஸ்கள் அடுத்த குறை. கிளார்க்கின் இசை எத்தனை குறைவான ஒலிகளால் கட்டப்பட்டதோ அத்தனை கூர்மையானது. அதன்மேல் கனத்த தாளத்தை ஏற்றும்போது எந்த வெற்றிடத்தில் மோயேயின் குரல் நின்றதோ அந்த வெற்றிடமே அடைபட்டுப் போகிறது.

ஆனால் தொகுப்பின் உண்மையான இழப்பு வேறு. அதை ஒரே ஓர் இடத்தை வைத்துக் காட்டிவிடலாம். முதல் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் 'ஐ பிஃபோர் ஈ எக்செப்ட் ஆஃப்டர் சி' என்று ஒன்று உண்டு. அது பாடலே அன்று. பேச்சுக் குரல்களை வெட்டி, ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒலிநாடா வேலை. கேட்பவரின் பொறுமையைச் சோதிக்கும் அந்தப் பகுதி பலருக்குப் பிடிப்பதில்லை; தொகுப்பில் அதற்கு இடம் இல்லாததும் இயல்பே. ஆனால் ஆல்பத்தில் அந்தக் குரல்களின் இரைச்சல் முடிந்ததும் அடுத்து வருவது 'மிட்நைட்'. எந்தக் கருவியும் இல்லாமல் மோயேயின் குரல் மட்டும் தனியாக எழுகிறது. பல குரல்கள் சேர்ந்தும் எதுவும் சொல்லாத இடத்துக்குப் பின், ஒரே ஒரு குரல் வந்து எல்லாவற்றையும் சொல்கிறது. தொகுப்பில் இதே 'மிட்நைட்', 'நோபடீஸ் டைரி'க்குப் பின்னால் வருகிறது. ஒரு நல்ல பாடலுக்குப் பின் இன்னொரு நல்ல பாடல், அவ்வளவே, மூச்சு நிற்பதில்லை.

'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' 1982 ஆகஸ்டில் வெளிவந்து இரண்டாம் இடத்தைப் பிடித்தது. தலைப்பில் உள்ள எரிக், தென்கிழக்கு லண்டனில் வழிபாடு நின்றுபோன தேவாலயக் கட்டடம் ஒன்றில் பிளாக்விங் ஒலிப்பதிவுக் கூடத்தை நடத்திவந்த எரிக் ராட்க்ளிஃப். ஒருவரையொருவர் இன்னும் சரியாக அறியாத இருவர், தம்மால் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்று சோதித்துப் பார்க்கும் துணிவு இந்த ஆல்பம் முழுவதும் இருக்கிறது. 'டோன்ட் கோ'வின் தொடக்கத்தில் சின்தசைசர் வெட்டி வெட்டி வாசிக்கும் அந்தச் சிறு இசைத்தொடரைக் கவனித்துக் கேளுங்கள். அது இயந்திரத்தின் ஒழுங்கில் அசையாமல் நிற்க, மோயே அதற்குமேல் தாளத்துக்குச் சற்றே பின்தங்கியும் முந்தியும் இழுத்துப் பாடுகிறார். சின்தசைசர் இசை உணர்ச்சியற்றது என்று அன்று பலர் குறை கூறிவந்தனர். ஒரு வாதமும் செய்யாமல் இந்தப் பாடல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

'யூ அண்ட் மீ போத்' வேறு வகையானது. தலைப்பு 'நீயும் நானும்' என்று சொன்னாலும், அட்டையில் இரண்டு டால்மேஷன் நாய்கள் சண்டையிடுகின்றன. பாடல்களை இருவரும் ஏறக்குறையச் சரிபாதியாக எழுதினார்கள். ஒலிப்பதிவுக் கூடத்துக்கோ பெரும்பாலும் வெவ்வேறு நேரங்களில் வந்து போனார்கள். ஆல்பம் முதலிடத்தைப் பிடித்தபோது குழுவே இல்லை. முதல் ஆல்பத்தின் விளையாட்டுத்தனம் இதில் குறைவு. ஒலி மெருகேறியிருக்கிறது, சில இடங்களில் தளர்வும் தெரிகிறது. தரத்தில் முதலாவதற்கு ஒரு படி கீழே என்றே நான் மதிப்பிடுகிறேன். ஆயினும் இதன் முடிவைத் தொகுப்பு எந்த வகையிலும் தர முடியாது. இறுதிக்கு முந்தைய 'ஹேப்பி பீப்பிள்' பாடலைப் பாட மோயே மறுத்துவிட்டதால் கிளார்க்கே பாடினார். பழக்கமற்ற, மெலிந்த அந்தக் குரல் ஓய்ந்தபின் மோயே எழுதிய 'அண்ட் ஆன்' வருகிறது. இழப்பைப் பற்றிய, தணிந்த குரலில் அமைந்த பாடல். இருவரும் தனித்தனியே விடைபெறுவதை நாம் நேரில் கேட்கிறோம். தொகுப்பில் இந்த இரண்டு பாடல்களுமே இல்லை.

பெட்டித் தொகுப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இருவரும் மறுபடி மேடையேறிய 2008ஆம் ஆண்டில் வந்த 'இன் யுவர் ரூம்', இரண்டு ஆல்பங்களையும் ஒலி மெருகேற்றி, மறுபக்கப் பாடல்களுக்கும் ரீமிக்ஸ்களுக்கும் தனித் தட்டு ஒதுக்கி, காணொளிகள் அடங்கிய டிவிடி ஒன்றையும் சேர்த்துத் தருகிறது. தொகுப்பில் விடுபட்ட 'தி அதர் சைட் ஆஃப் லவ்' இங்கே உண்டு. யாசூவை ஏற்கெனவே நேசிப்பவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் முதல்முறை கேட்பவரின் கையில் ஒரே பாடலின் நான்கைந்து வடிவங்களைத் திணிப்பது அவரை அயர்த்திவிடும்.

ஆகவே என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் முதல் ஆல்பத்தையே, அதுவும் பாடல் வரிசையைக் கலைக்காமல் கேட்கச் சொல்கிறேன். அதன்பின் இரண்டாவது ஆல்பம். அவை இரண்டும் பிடித்துப்போனால் பெட்டி. நீண்ட பயணத்தில் பின்னணியாக ஒலிக்கச் சில பாடல்கள் போதும் என்பவருக்கு 'ஒன்லி யாசூ' மிகவும் ஏற்றது. அவரும் பன்னிரண்டாவது பாடலான 'சிச்சுவேஷன்' முடிந்ததும் நிறுத்திவிடலாம். மூன்றில் எதை எடுத்தாலும் 'மிட்நைட்' அதில் இருக்கும். அது தொடங்கும் இடத்தில் மட்டும் கையில் உள்ள வேலையைச் சற்று நிறுத்திவைத்துக் கேளுங்கள்.