பனி உருகினதும் கரையில உக்காந்து புடிக்க எது சரி: புல்ஹெட்டா, சேனல் கேட்ஃபிஷ்ஷா?

கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்துல படகு இல்லாம கரையில நின்னு மீன் புடிக்கிறவங்க ஏப்ரல் வந்தா முடிவு பண்ண வேண்டிய விஷயம் இது. பொதுவா ஒரு ஆளுக்கு ஒரு லைன் (தூண்டில் நூல்) தான், அதனால ஒரு ராடு (தூண்டில் கம்பு) இதுக்கு ஒரு ராடு அதுக்குன்னு ரெண்டையும் போட்டு வைக்க முடியாது, எதுக்கு போறோம்னு தெரிஞ்சு தான் போகணும். நான் ஏப்ரல், மே முதல் பாதி முழுக்க புல்ஹெட்டுக்கு தான் போறேன், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், முதல்லயே சொல்லிடறேன்.

ரெண்டும் நம்ம ஊரு கெளுத்தி மாதிரி மீசை வச்ச, செதில் இல்லாத மீன் தான். வால் பொளந்திருந்தா சேனல் கேட், நேரா வெட்டினாப்ல இருந்தா புல்ஹெட். புல்ஹெட் பெரும்பாலும் ஒரு அடிக்குள்ள நின்னுடும், சேனல் கேட் பல கிலோ வரைக்கும் வளரும். 1964ல சவுத் கரோலினாவுல புடிச்ச 58 பவுண்டு மீன் தான் அதுக்கு உலக சாதனை. இழுத்து சண்டை போடுறதுல புல்ஹெட் கிட்டயே வராது, அதுல பேச்சே இல்ல.

ஆனா வசந்த காலத்துல இதெல்லாம் ரெண்டாம்பட்சம், தண்ணி எவ்வளவு சூடாயிருக்குன்றது தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. ஈரி ஏரி பக்கத்தையே எடுத்துக்குங்க. லாங் பாயிண்ட் உள் விரிகுடா, ரோண்டோ பே ரெண்டும் ஆழம் கம்மி, அடியில சேறு, ஓரமெல்லாம் கோரைப்புல். ரெண்டு நாள் நல்லா வெயில் அடிச்சாலே அங்க ஓரத்துத் தண்ணி பத்து டிகிரியத் தொட்டுடும், ஆனா அதே நாள்ல ஏரியோட திறந்த தண்ணி இன்னும் பல்லு கிட்டுற அளவுக்கு ஜில்லுனு தான் இருக்கும். புல்ஹெட்டுக்கு அந்த பத்து டிகிரி போதும், சேத்துல இருந்து கிளம்பி முழங்கால் ஆழத்துக்கு இரை தேடி வந்துடும், அதாவது படகுக்காரன் வர முடியாத இடத்துக்கு மீனே நம்மளத் தேடி வருது. சேனல் கேட் கரைப்பக்கம் ஒழுங்கா கடிக்கணும்னா பதினஞ்சு டிகிரியாவது வேணும்ன்றது என் கணக்கு, ஆத்துல புடிக்கிறதா இருந்தா மழைக்கு அப்புறம் வர்ற கலங்கல், வேகம் எல்லாத்தையும் வேற பாக்கணும்.

அதனால ஒரு சின்ன தெர்மாமீட்டர கயித்துல கட்டி எடுத்துட்டுப் போங்க. காத்து எந்தக் கரையைப் பாத்து அடிக்குதோ அந்தப் பக்கம் மேல்தண்ணியோட சூடு போய் சேரும், மதியம் மூணு மணிக்கு ரெண்டு மூலையிலயும் அளந்து பாத்தா ஒரே குளத்துலயே ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் தெரியும். சூடான மூலையில பொழுது சாயுறதுக்கு முன்னாடி இடம் புடிச்சுடுங்க, இருட்டினதுக்கப்புறம் ஒரு ரெண்டு மணி நேரம் தான் நல்ல கடி.

செலவும் புல்ஹெட்டுக்கு ரொம்ப கம்மி. வீட்ல கெடக்குற ஏதாவது ராடு, எட்டு பவுண்டு தாங்குற மோனோ (நைலான் நூல்), அரை அவுன்ஸ் ஈயம், ஆறாம் நம்பர் கொக்கி, நைட்க்ராலர் மண்புழு ஒரு டப்பா. தென்மேற்கு ஒன்டாரியோ வயல்கள்ல ராத்திரி லைட்டு கட்டிக்கிட்டு கையால பொறுக்கி அமெரிக்காவுக்கே அனுப்புற புழு அது, இங்க பெட்ரோல் பங்க்லயே கெடைக்கும். சேனல் கேட்டுக்கு இருபது பவுண்டு லைன், ரெண்டு மூணு அவுன்ஸ் ஈயம், பெரிய சர்க்கிள் கொக்கி (நுனி உள்பக்கமா வளைஞ்சது), வெட்டின மீன் துண்டுன்னு கொஞ்சம் கனமாவே போகணும். புல்ஹெட் டிக் டிக்னு ரெண்டு தட்டு தட்டிட்டு தொண்டை வரைக்கும் முழுங்கிடும், அதனால ராட கீழ வச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க, நுனி ஆடினதுமே எடுங்க. இல்லன்னா சின்ன சர்க்கிள் கொக்கி போட்டு வெட்டி இழுக்காம ரீல மெதுவா சுத்துங்க, உதட்டோரமா மாட்டும்.

ரெண்டுக்கும் பொதுவான ஆபத்து முள்ளு. முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு, மூணையும் விரைச்சு பூட்டிக்கும், அதுலயும் சின்ன மீனோட முள்ளு தான் கூர்மை. உள்ளங்கைய வயித்துப்பக்கம் குடுத்து, பக்க முள்ளு ரெண்டுக்கும் பின்னாடி ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டி விரல் போட்டு அமுக்கிப் புடிச்சா திமிர முடியாது.

சாப்பாட்டுக்கும் வசந்த கால புல்ஹெட்டுக்கு தான் என் ஓட்டு. ஜில்லு தண்ணியில சதை கெட்டியா லேசா ஆரஞ்சு நிறத்துல இருக்கும், கோடைல அதே மீன் கொழகொழன்னு சேத்து வாடை அடிக்கும். தலைக்குப் பின்னாடி சுத்தி ஒரு கீறல் போட்டு, குறடால தோலப் புடிச்சு வால் வரைக்கும் உரிச்சுட்டு புளிக்குழம்பு வச்சா முள்ளு தொல்லை இல்லாம புள்ளைங்க கூட சாப்பிடும். பெரிய சேனல் கேட் வயசான கொழுப்பு மீன், மாசு சேர்றதும் அதுல அதிகம், அதனால சமைக்கிறதுக்கு முன்னாடி ஒன்டாரியோ அரசு போடுற மீன் உணவு வழிகாட்டியில அந்த இடத்துக்கும் மீன் நீளத்துக்கும் என்ன சொல்லிருக்குன்னு கட்டாயம் பாருங்க. புல்ஹெட்டுக்கும் பாக்கணும் தான்.

சேனல் கேட்ட ஒரேயடியா ஒதுக்கல. மே பாதிக்கு மேல கிராண்ட் ஆறு டன்வில் பக்கம் கரையில இருந்தே நல்ல சைஸ் கெடைக்கும், அங்க தடுப்பணை ஒட்டி எங்க போடலாம் எங்க கூடாதுன்னு அந்த வருஷ ரெகுலேஷன பாத்துட்டுப் போங்க. ஆத்துல நான் உக்காந்தது பெரும்பாலும் சாயங்காலம் தான், விடிய விடிய உக்காந்தவங்க சொல்ற கணக்கு இதுல இருந்து மாறலாம்.

தண்ணி இருபது டிகிரி தாண்டினா புல்ஹெட் முட்டை போட ஆரம்பிச்சுடும், அப்பா அம்மா ரெண்டும் கூட்டுக்கு காவல் நிக்கும், அப்புறம் கருப்பு கருப்பா குஞ்சுக் கூட்டத்தையும் ஓட்டிக்கிட்டு திரியும். அந்த நேரத்துல அதத் தூக்கினா குஞ்சு மொத்தமும் மத்த மீனுக்கு இரையாயிடும்ன்றதால அங்கருந்து நான் கிளம்பிடுவேன், கனமான ராட எடுத்துக்கிட்டு ஆத்துக்கு.