ஷட்டவுன் நேரத்தில் ஃபிளேரைக் குறைப்பது: மூன்று வழிகளில் எது?

கொழும்புக்குக் கிட்ட சப்புகஸ்கந்தைப் பக்கம் இரவில் பஸ்ஸில் வரும்போது எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தின் ஃபிளேரை, அதாவது மிஞ்சும் வாயுவை எரிக்கும் கோபுரத் தீயைக் காட்டி அக்காவின் மகன் கேட்டான்: "மாமா, பராமரிப்பு நேரத்திலயாவது இதை அணைச்சு வைக்கேலாதோ?" அடுத்த மாதம் அவன் வளைகுடாவுக்கு ஷட்டவுன் வேலைக்கு, அதாவது ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகிறான். அதே வேலையில் நான் பதினெட்டு வருடம் இருந்தவன்.

அணைக்கக் கூடாது. ஆலைக்குள் அழுத்தம் ஏறினால் வாயு பாதுகாப்பாக வெளியேற இருக்கும் வாசல் அதுதான். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்பு முடிந்து ஒரு பகுதியைத் தொடக்கியபோது எண்ணெயைப் பிரிக்கும் கோபுரம் அளவுக்கு மேல் நிரம்பிவிட்டது. பொங்கிய எண்ணெய் போய்ச் சேர்ந்த இடத்தில் ஃபிளேர் இல்லை, வானத்துக்குத் திறந்த பழைய குழாய்தான் இருந்தது. 15 பேர் இறந்தார்கள். எண்ணெய்க் கிணறுகளில் வழமையாக வாயு எரிப்பதை 2030க்குள் நிறுத்த உலக வங்கி 2015இல் தொடங்கிய முயற்சிகூடப் பாதுகாப்புக்காக எரிப்பதைத் தடுக்கவில்லை. தீயை அணைத்தால் எரியாமல் தப்பும் மீத்தேன் வாயு, 20 வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். ஆகவே தீயை அணைப்பதைப் பற்றிப் பேச வேண்டாம். தீக்குப் போகும் வாயுவை எப்படிக் குறைப்பது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் வழி, முழு ஆலையையும் நிறுத்தி வெறுமையாக்குவது. வேலை செய்பவனுக்கு இதுதான் நிம்மதி. ஆனால் அவசரப்பட்டு வாயுவைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் ஊரே பார்க்கிற அளவுக்குத் தீ எழும்பும். நிறுத்தும் ஒழுங்கை மாற்றினால் இது பெரிதும் குறையும். ஒரு ஃபர்னஸையோ பொயிலரையோ கடைசிவரை எரியவிட்டு, பாத்திரங்களில் மிஞ்சிய வாயுவை மெதுவாக எரிபொருள் லைனுக்குள் இறக்க வேண்டும். திரவத்தைத் தாங்கிகளுக்குத் தள்ள வேண்டும். அடியில் கிடக்கும் கொஞ்சம்தான் ஃபிளேருக்குப் போகும், அதன் பிறகு நைட்ரஜன் விட்டு மிச்சத்தை வெளியே தள்ள வேண்டும். ஃபர்னஸை முதலில் அணைத்துவிட்டால் அந்த வாயுவுக்குப் போக வேறு இடமே இல்லை. இப்படிச் செய்ய ஓரிரு நாள் கூடும். உற்பத்திப் பகுதியோடு சண்டை வருவது அந்த ஓரிரு நாளுக்காகத்தான்.

இரண்டாவது, பாதியை ஓடவிட்டு மீதியைத் திருத்துவது. மறுபடி தொடக்கும்போது பொருள் தரத்துக்கு வரும்வரை வாயு ஃபிளேருக்குத்தான் போகும். முழு ஆலையையும் தொடக்கத் தேவையில்லாதபடியால் புகைக் கணக்கில் இந்த வழி முந்துகிறது. உயிர்க் கணக்கு வேறு: ஓடும் பகுதியின் வாயு நாம் திருத்தும் லைனுக்குள் வரலாம். ஒருமுறை நாங்கள் ஒரு பிளீட் வால்வை, அதாவது லைனுக்குள் மிஞ்சியதை வெளியே விடும் சிறு வால்வைத் திறந்தோம், ஒன்றும் வரவில்லை. லைன் வெறுமை என்று ஒருவர் வேலை தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் கையெழுத்து வைக்கப் போனார். எங்கள் போர்மன் அவர் கையைப் பிடித்தார். "ஒண்டும் வரேல்லை எண்டால் வெறுமையும் இருக்கலாம், அடைப்பும் இருக்கலாம்." பத்தடி தள்ளியிருந்த இன்னொரு வால்வைக் கால் சுற்றுத் திறந்தார். சீறியது. முதல் வால்வின் வாயில் துரு இறுகிக் கிடந்தது. மூடிய வால்வை மட்டும் நம்பாமல், குழாய்கள் சேரும் ஃபிளேஞ்சுக்கு நடுவே இரும்புத் தகடு போட்ட பிறகுதான் அந்த லைனைத் தொட்டோம். 1988இல் வடகடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை, அது தெரியாமல் இரவு ஷிப்ட் இயக்கியது. 167 உயிர் போனது.

மூன்றாவது, ஃபிளேருக்குப் போகும் வாயுவைக் கம்பிரசரால் இழுத்துத் திரும்ப எரிபொருளாக்குவது. விற்பவர்கள் ஷட்டவுனுக்கும் இதுவே மருந்து என்பார்கள். அப்படியில்லை. சாதாரண நாட்களில் கசிந்து வரும் சிறு அளவை அது நன்றாகப் பிடிக்கும். ஷட்டவுனில் ஒரேயடியாக வரும் அளவு கம்பிரசருக்குக் கொள்ளாது. ஃபிளேர்க் குழாயில் தண்ணீரால் அமைத்த நீர்த்தடையைத் தள்ளிக்கொண்டு தீக்குத்தான் போகும். நைட்ரஜன் கலந்தால் அந்த வாயு எரிபொருளுக்கும் உதவாது. அளவுக்கு மீறி இழுத்தால் குழாய்க்குள் காற்று புகுந்து வெடிக்கும் அபாயமும் உண்டு.

சப்புகஸ்கந்தை 1969இல் தொடங்கிய ஆலை, நாளுக்கு 50,000 பீப்பாய் அளவு. பெரிய ஆலைகளில் போல ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்ட அங்கே இரண்டு மூன்று வரிசை இல்லை. ஆகவே அங்கே என் தெரிவு முதல் வழி, அதுவும் மெதுவாக இறக்கும் முறையில். கம்பிரசர் அதற்குப் பிறகு வரட்டும். அதைவிட முக்கியம், தேவையில்லாமல் நிறுத்தித் தொடக்காமல் இருப்பது. 2021 நவம்பரில் டொலர் இல்லாமல், மசகு எண்ணெய் வாங்க முடியாமல் அந்த ஆலையை மூடினார்கள். அப்படி ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும், ஒரு பழுதும் பாராமலே, ஒரு ஷட்டவுனின் வாயு எரிகிறது.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: எந்த வழி என்று நீ தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் போன முதல் நாளே தகடுப் பட்டியலைக் கேட்டு வாங்கு. எந்த ஃபிளேஞ்சில் எந்த இலக்கத் தகடு, போட்டது யார், கழற்ற வேண்டியது யார் என்று அதில் இருக்கும். பட்டியல் இல்லை என்றால் ஸ்பானரைக் கீழே வை.