குளிர் அறைத் திரையில் தமிழ்: எல்விஜிஎல்லா, டிஎஃப்டி-இஎஸ்பிஐயா?

கொட்பே துறைமுகத்தில் மீன் எடுத்து திருகோணமலை ரவுனில் விற்கும் என் மச்சானிடம் சின்னதாக ஒரு குளிர் அறை இருக்கிறது. உள்ளே எத்தனை பாகை, கதவு பூட்டியிருக்கிறதா என்று வெளியே ஒரு திரை காட்ட வேண்டும். "பெடியள் வாசிக்கிற மாதிரி தமிழில போடு மச்சான்" என்றான். வேறு நிபந்தனை இல்லை. இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையும் 320×240 புள்ளிகள் உள்ள ஐஎல்ஐ9341 வண்ணத் திரையும் வாங்கினேன். திரையில் எழுத்தும் படமும் வரைய ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகளை வரைகலை நூலகங்கள் என்பார்கள். அவற்றில் டிஎஃப்டி-இஎஸ்பிஐ, எல்விஜிஎல் என்ற இரண்டை வைத்துச் செய்து பார்த்து, கடைசியில் எல்விஜிஎல்லோடு நின்றுவிட்டேன்.

இரண்டும் திறந்த மூலம், இரண்டும் இலவசம். கறுப்பு வெள்ளைச் சிறு திரை என்றால் யூ8ஜி2 என்ற நூலகமே போதும், இந்த அலசலே தேவையில்லை.

டிஎஃப்டி-இஎஸ்பிஐ நேராகத் திரையில் வரையும். அரை மணி நேரத்தில் எண் தெரிய வைத்துவிட்டேன். ஆனால் எந்தத் திரை, எந்த இணைப்பு என்று சொல்லும் அமைப்புக் கோப்பு நூலகத்தின் கோப்புறைக்குள்ளேயே இருப்பதால், நூலகத்தைப் புதுப்பித்தால் நம் மாற்றங்கள் அழிந்துவிடும். எண் மாறும்போது பழைய இலக்கத்தை அழிப்பதும் நம் பொறுப்பு. முழுத் திரையையும் நினைவகத்தில் வரைந்து ஒரேயடியாக அனுப்பலாம் என்றால் 1,53,600 பைட் வேண்டும். கூடுதல் நினைவகம் இல்லாத இஎஸ்பி32இல் அவ்வளவு இடம் ஒரே துண்டாகக் கிடைப்பது கஷ்டம். எல்விஜிஎல் மாறிய பகுதியை மட்டும் திரும்ப வரைகிறது. திரையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15,360 பைட் கொடுத்தேன், தாராளமாகப் போதும்.

இவ்வளவும் சமாளிக்கக்கூடியதுதான். முடிவைத் தீர்மானித்தது தமிழ்.

நான் பயன்படுத்திய பதிப்புகளில் இரண்டு நூலகமும் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கும். யூனிகோடில் 'வெ' என்பது முதலில் வ, பிறகு ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பு வ-வுக்குப் பின்னால் வந்து அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'வெப்பம்' என்ற சொல்லில் கொம்பு ப்-க்குச் சொந்தமாகிவிடும். 'குளிர்' என்றால் கு என்ற வடிவமே வராது, க-வும் தனியாக ஒரு சுழியும் நிற்கும். கணினியிலும் கைபேசியிலும் இதைச் சரிசெய்யும் வேலை பின்னால் நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

வழி டேஸ்16 குறியீட்டில் கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற இந்த முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. கெ ஒரு எண், கொ ஒரு எண். அடுக்கினாலே சரியாக வந்துவிடும். யூனிகோடில் எழுதிய வாசகங்களை டேஸ்16க்கு மாற்ற கணினியில் ஒரு சிறு பைத்தான் நிரல் எழுதிக்கொண்டேன். 24 புள்ளி உயரத்தில், புள்ளிக்கு 4 பிட் வீதம், ஓர் எழுத்து சுமார் 288 பைட். 247 எழுத்தும் போட்டால்கூட 70 கிலோபைட் அளவில் அடங்கும்.

இந்த வித்தையை இரண்டு நூலகத்திலும் செய்யலாம். ஆனால் டிஎஃப்டி-இஎஸ்பிஐயில் ஒரு நேரத்தில் ஒரு மென்விளிம்பு (ஓரம் வழவழப்பாகத் தெரியும்) எழுத்துருதான் ஏற்றலாம். பெரிய எண்ணுக்கு ஒன்று, சிறிய தமிழுக்கு ஒன்று என்று ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்க வேண்டும். எல்விஜிஎல்லில் எழுத்துருக்கள் சேர்ந்தே இருக்கும். தமிழ் எழுத்துருவில் இல்லாத குறி வந்தால் அடுத்ததில் தேடும்படி சொல்லிவைக்கலாம். அதனால் "வெப்பம் -18" ஒரே வரியில் வருகிறது. நீண்ட சொல் அடுத்த வரிக்கு உடைந்தாலும் உயிர்மெய் நடுவில் பிளக்காது. இதற்கு மேல், கணினியிலேயே ஓடும் மாதிரித் திரை இருக்கிறது. மச்சான் புதிதாக ஒரு வாசகம் கேட்டால் வீட்டிலிருந்தே பார்த்து முடித்துவிட்டு, பிறகு பலகையில் ஏற்றுகிறேன்.

எல்விஜிஎல்லுக்கும் விலை உண்டு. 2021இல் வந்த 8ஆம் பதிப்புக்கும் 2024இல் வந்த 9க்கும் இடையில் நிரலில் கூப்பிடும் செயற்பெயர்கள் நிறைய மாறின, திரைக்கு அனுப்பும் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். நான் 8.3லேயே இருக்கிறேன். தொடுதிரையில் எனக்கு அனுபவம் குறைவு. மீன் கை ஈரம் என்று பொத்தான்தான் வைத்தேன், ஆகவே அந்தப் பக்கத்தை என் சொல்லை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். ஓர் எண்ணும் ஒரு விளக்கும் மட்டும் போதும், தமிழ் வரி வேண்டாம் என்றால் டிஎஃப்டி-இஎஸ்பிஐயையே எடுங்கள்.